கிழக்குச் சுவர்

"பெட்ரூமுக்கு மூணு சொவருக்கா, நாலு சொவருக்கா அக்கா?" என்று கர்ணன் கேட்டார். மச்சான் மூணு என்றார். நான் நாலு என்றேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

கர்ணனுக்குத் தேனியில் வால்பேப்பர் கடை. 2008-இல் எங்கள் ஊர்ப் பக்கத்தில் அந்தச் சாமானை விற்கவே ஒரு தைரியம் வேண்டும். மாதிரிப் புத்தகத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, எச்சில் தொடாமல் தாள் தாளாகப் புரட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். கலருக்காகப் புருசனும் பொண்டாட்டியும் முட்டிக்கொள்வதை அவர் தினமும் பார்க்கிறவர்தான். ஒரு அறைக்கு எத்தனை சுவர் என்பதில் முட்டிக்கொண்டவர்கள் நாங்களாகத்தான் இருக்கும். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "ஒரு சொவர மட்டும் வேற மாதிரி விடுறதும் இப்ப பேசன்தான் சார்," என்று பொதுவாகச் சொல்லி வைத்தார்.

எங்களுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் என் அம்மா சந்தனம்மாள் உட்கார்ந்திருந்தாள். போடியிலிருந்து பஸ்ஸில் வந்ததில் அவளுக்கு மூட்டு வீங்கிவிட்டது. வாங்கிக் கொடுத்த கலரைப் பாதி குடித்துவிட்டு, பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, "அந்தச் சொவத்துக்கு ஒண்ணும் வேணாம் தம்பி. அதுல எம் மக இருக்கா," என்றாள். கர்ணன் அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அதுவரை நான்தான் மகள் என்று நினைத்திருப்பார்.

நானும் மகள்தான். ரெண்டாவது மகள். மூத்தவள் வேல்விழி 2001-இல் மஞ்சள்காமாலையில் செத்துப்போனாள். நாட்டு மருந்து, பத்தியம், மந்திரிப்பு எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் மதுரைக்குக் கொண்டுபோனோம். எனக்கு நாலு வயசு மூத்தவள். போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கிற நாகராஜுக்கு அவளைக் கட்டிக் கொடுத்திருந்தது. அவள் போய் வருஷம் திரும்புவதற்குள் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். சம்பந்தம் விட்டுப்போகக் கூடாதாம். என்னைக் கேட்டார்களா என்றால் கேட்டார்கள். மாட்டேன் என்று சொல்ல வாய் வராதபடி கேட்டார்கள். மனுஷன் தங்கமானவர், அதில் ஒரு குறையும் கிடையாது. அக்கா புருசனாக இருந்தபோது மச்சான் என்று கூப்பிட்டேன், என் புருசனான பிறகும் அதே மச்சான்தான்.

எங்கள் பக்கத்தில் தாலியோடு போனவளை வீட்டுச்சாமியாகக் கும்பிடுவோம். சிலை, படம் எதுவும் கிடையாது. ஒரு சுவர் போதும். மஞ்சளை அரைத்துச் சுவரில் சதுரமாகப் பூசி, நடுவில் குங்குமப் பொட்டு வைத்து, கீழே விளக்கைப் பொருத்தினால் அதுதான் சாமி. வருஷத்துக்கு ஒரு தடவை மாசி மாசத்தில் புதுச்சேலை வைத்துப் படைக்க வேண்டும். போன வருஷம் வைத்த சேலையை வீட்டுப் பெண் எடுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். அந்த வீட்டுப் பெண் நான். அக்காவுக்குப் பிடித்த மயில்கழுத்துக் கலரில்தான் அம்மா வருஷா வருஷம் எடுப்பாள். எனக்கு அந்தக் கலர் ஆகவே ஆகாது. ஆனாலும் இன்றைக்கு என் பீரோவைத் திறந்தால் வரிசையாக மயில்கழுத்துதான் தொங்கும்.

அக்கா செத்த பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை, அவள் பாயைப் போட்டுப் படுக்கிற இடம் என்று சொல்லி, அம்மா போடி வீட்டு பெட்ரூமின் கிழக்குச் சுவரில் மஞ்சளைப் பூசி விளக்கு வைத்துவிட்டாள். அது பெட்ரூம் ஆயிற்றே என்று யாரும் யோசிக்கவில்லை. அப்போது அந்த அறைக்கு இன்னொருத்தி வருவாள் என்று யாருக்குத் தெரியும்? சாமி ஒரு இடத்தில் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் கிளப்புவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அந்த அறையில் புருசனும் பொண்டாட்டியும் எப்படிப் படுக்க முடியும்? கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்களுக்கு ஹாலில்தான் பாய். அப்பா போன பிறகு அம்மாவும் கடமலைக்குண்டில் எங்கள் பிறந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்களோடு வந்துவிட்டாள். ஹாலில் ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் நாங்கள். மாசத்தில் வீட்டுக்கு ஆகாத நாட்களில் நான் பெட்ரூமுக்குள் கால் வைக்கக் கூடாது. முந்தின நாளே துணிமணிகளை எடுத்து வெளியே வைத்துக்கொள்வேன். மறந்துவிட்டால் மச்சான்தான் எடுத்துக் கொடுப்பார். எந்தச் சேலைக்கு எந்த ரவிக்கை என்று அவருக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. மூத்தவள் மனசு குளிரவில்லை, அதனால்தான் சின்னவளுக்கு வயிறு திறக்கவில்லை என்று போடியில் சொல்கிறவர்கள் உண்டு. அவர்களில் ஒருத்தியாவது எங்கள் ஹாலில் ஒரு ராத்திரி படுத்துப் பார்த்திருந்தால் வேறு காரணம் சொல்லியிருப்பாள். எனக்கு வேண்டியது பெரிய மாளிகை இல்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள ஒரு அறை, அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஏலக்காய்க்கு நல்ல விலை. மச்சான் நெடுங்கண்டத்தில் ஒரு மலையாளி பார்ட்டியின் வீட்டுக்குச் சரக்குப் பார்க்கப் போய், சுவர் முழுக்கப் பூப்போட்ட காகிதம் ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததிலிருந்து, மலையாளத்தில் பிரமாதம் என்கிற மாதிரி, "அடிபொளியா இருக்கு விஜி, அடிபொளி," என்று அதே பேச்சு. வீட்டைப் புதுப்பித்துவிடுவது என்று முடிவாயிற்று. அடுப்படிக்கு டைல்ஸ், அதை அம்மா பார்த்துச் சொல்வாள். ஹால் மச்சானுடைய இஷ்டம். பெட்ரூம் என்னுடைய இஷ்டம். இப்படிப் பாகம் பிரித்துக்கொண்டுதான் பஸ் ஏறினோம்.

அம்மா அடுப்படிக்குக் கூடை நிறையத் திராட்சையும் ஆப்பிளும் வரைந்த டைல்ஸை எடுத்தாள். பக்கத்துக் கடையில் அதை முடித்துவிட்டுத்தான் கர்ணன் கடைக்கு வந்திருந்தோம். சின்னமனூர்ப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் களை எடுத்த காலத்தில் ஒரு கொத்துக்கூடச் சும்மா தர மாட்டார்கள் என்று அவளுக்கு இன்னும் ஆற்றாமை. மச்சான் ஹாலுக்குச் செங்கல் மாதிரியே அச்சடித்த காகிதத்தைக் காட்டினார். "உள்ளுக்குள்ள நெசச் செங்கல் இருக்கு. அத சிமிண்டு வச்சு மறைச்சுப்புட்டு, மேல செங்கல் படத்த ஒட்டணுமாக்கும்?" என்றேன். கர்ணன் சிரித்துவிட்டார். மச்சானுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ஆனாலும் அதைத்தான் எடுத்தார். என் முறை வந்தபோது, புரட்டிக்கொண்டே போன கை ஒரு தாளில் நின்றுவிட்டது. லேசான பச்சையில் பொடிப்பொடியாக இலை. பளபளப்பு இல்லை, ஜிகினா இல்லை. தொட்டால் துணி மாதிரி இருந்தது. இதுதான் என்றேன். அப்போதுதான் கர்ணன் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

கடையில் ஒன்றும் முடிவாகவில்லை. சுவரைப் பார்க்காமல் அளவு சொல்ல முடியாது என்று சொல்லி, ரெண்டு நாள் கழித்துக் கர்ணனே போடிக்கு வந்தார். ஹாலைப் பார்த்தார், சரி என்றார். பெட்ரூமுக்குள் போனவர் மூன்று சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கிழக்குச் சுவர் முன்னால் செருப்பில்லாத காலைக்கூடக் கொஞ்சம் பின்னால் வைத்து நின்றார். பூசிப் பூசி மஞ்சள் தடித்துப்போயிருந்தது. பொட்டு ஒரு ரூபாய் அகலத்துக்கு மேடு தட்டியிருந்தது. விளக்கு எண்ணெயும் புகையும் சேர்ந்து கீழ்ப்பக்கம் முழுக்கக் கறுத்துக் கிடந்தது.

"தப்பா நெனச்சுக்கிராதீக. எண்ணெ எறங்குன சொவத்துல பசை நிக்காது. ஒட்டுன மூணாம் மாசம் உரிஞ்சு தொங்கும்," என்றார். "ஒட்டுறதா இருந்தா பூச்சக் கொத்தி எடுத்துட்டுப் புதுசாப் பூசணும்."

"கொத்தணுமா?" என்றாள் அம்மா. அவ்வளவுதான் கேட்டாள். போய்ச் சுவரை மறைத்த மாதிரி நின்றுகொண்டாள்.

கர்ணன் விவரமானவர். "பேசி முடிச்சுட்டுப் போன் போடுங்க," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். மச்சான் அவரை வழியனுப்புகிற சாக்கில் வாசலுக்குப் போனார். வாசலிலிருந்து அப்படியே கடைக்குப் போய்விட்டார். லோடு வருகிறதாம். வீட்டில் ரெண்டு பொம்பளைகளுக்குச் சண்டை வரும்போதெல்லாம் அவருக்கு மலையிலிருந்து லோடு வந்துவிடும்.

நான் முதலில் பதவிசாகத்தான் ஆரம்பித்தேன். ஏலக்காய் மூட்டை போடுகிற சின்ன அறையைக் காலி பண்ணி, வெள்ளையடித்து, அக்காவை அங்கே வைப்போம் என்றேன். அவளுக்கென்று தனி அறையே கிடைக்குமே என்றேன்.

"மூட்டைக்கு நடுவுலயா எம் மகள ஒக்கார வைப்ப?"

"ஏன், அவ ஏலக்கா யாவாரி பொண்டாட்டிதான? அந்த வாசன அவளுக்குப் புடிக்காதா?"

"வாயப் பாரு. சாமியப் பேசுறோம்னு ஒரு பயம் இருக்கா ஒனக்கு? ஒங்கூடப் பொறந்தவடி அவ."

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ தெரியவில்லை. ஏழு வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்தது மொத்தமாக வந்துவிட்டது. "கூடப் பொறந்தவளா? யாரு சொன்னா? ஒனக்குச் சாமி, மச்சானுக்குச் சாமி, தெருவுக்கே சாமி. எனக்கு மட்டுந்தான் அவ அக்கா. அக்கான்னு நெனச்சு ஒரு நா அழ விட்டியா நீயி? அழுதா சக்களத்தி நடிக்கிறாம்பாக. சிரிச்சா மூத்தவ போனதுல இவளுக்குச் சந்தோசம்பாக. அவ சேலையக் கட்டிக்கிட்டு, அவ புருசனுக்குச் சோறாக்கிப் போட்டு, அவளுக்கே வெளக்கும் பொருத்துறேன். எனக்குன்னு நாலு சொவரு கேட்டா குத்தமா ஆத்தா?"

அம்மா பதிலுக்கு ஏதாவது சொல்வாள், நானும் ரெண்டு சொல்லலாம் என்று நின்றேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமைகூட இல்லை, ஆனாலும் அவள் விளக்கைத் துடைத்துத் திரி போட்டாள். பொருத்திவிட்டு அதன் முன்னால் காலை நீட்ட முடியாமல் நீட்டி உட்கார்ந்துகொண்டாள். ரெண்டு நாள் எங்களுக்குள் சோறு போடவா, போதுமா என்பதற்கு மேல் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் காலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, என் முகத்தைப் பார்க்காமல், "பூக்கட்டிப் பாப்பம். போறதா இருக்கதான்னு அவளே சொல்லட்டும்," என்றாள்.

வெள்ளைப் பூவை ஒரு வாழையிலைத் துண்டிலும் சிவப்புப் பூவை இன்னொரு துண்டிலும் வைத்து, வித்தியாசம் தெரியாதபடி ஒரே மாதிரி மடித்து, நாரால் கட்டிச் சாமி முன்னால் போட வேண்டும். கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் அதோடு பேச்சு முடிந்தது. எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. ஓடுகிற தண்ணீரில் போட்டுவிட வேண்டும். எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் ஒத்துக்கொண்டேன். பாதிக்குப் பாதி என்பது, அம்மாவிடம் கேட்டால் கிடைக்கக்கூடியதைவிட அதிகம் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா தலைக்குக் குளித்துவிட்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் பூக்கட்டினாள். நான் ஏதாவது தில்லுமுல்லு பண்ணுவேன் என்று பயந்தாள் போலிருக்கிறது. சும்மா சொல்லக் கூடாது, நாரில் ஒரு அடையாளம் வைக்க முடியுமா என்று நானும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். ரெண்டு பொட்டலத்தையும் தட்டில் கொண்டுவந்து சுவரடியில் வைத்தாள். மச்சான் எடுப்பார் என்று நினைத்தேன். "மாப்ள எடுக்க வேணாம். நீ எடு," என்றாள். மச்சான் கதவோரம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவருக்கு லோடு எதுவும் வரவில்லை.

அம்மா சூடத்தைப் பொருத்தினாள். "ஆத்தா வேலு," என்றாள். சாமியிடம் பேசுகிற குரல் இல்லை, பக்கத்து அறையில் இருக்கிறவளிடம் பேசுகிற குரல். "ஒந் தங்கச்சி ஒரு ரூமு கேக்குறா. குடுக்க இஷ்டம்னா வெள்ளயக் குடு. இல்லேன்னா செவப்பக் குடு. ஒளிக்காமச் சொல்லிரு."

நம்பிக்கை இல்லாதவள்தான், ஆனாலும் கும்பிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு தட்டில் தடவி, கைக்கு முதலில் பட்டதை எடுத்தேன். நார் அவிழவில்லை, பல்லால் கடித்துத்தான் பிரித்தேன். உள்ளே நந்தியாவட்டை. வெள்ளை வெளேர் என்று, காம்பு கிள்ளின ஈரத்தோடு.

குடுத்துட்டா என்று யாரோ கத்தினார்கள். நான்தான் கத்தியிருக்கிறேன். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். சின்னதில் கடமலைக்குண்டிலிருந்து தேனிக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எங்கள் ரெண்டு பேருக்கும் வாந்தி வரும். அக்கா ஜன்னலோரத்தை எனக்குக் கொடுத்துவிட்டு, தாவணியைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு, வழி முழுக்க அடக்கிக்கொண்டே வருவாள். தேனியில் இறங்கின பிறகுதான் சாக்கடைப் பக்கம் ஓடுவாள். அந்த மனசுக்காரி இதையும் கொடுத்துவிட்டாளே என்று அழுதேன். அக்கா அக்கா என்று கூப்பிட்டு அழுதேன். தெருவில் யார் என்ன நினைப்பார்கள் என்று அன்றைக்குத் தோன்றவில்லை. மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். இத்தனை வருஷத்தில் அவ்வளவு லேசாக நான் இருந்ததே இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது அம்மா அடுத்த பொட்டலத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள். ஆற்றுக்குத் தானே போய்ப் போட்டுவிட்டு வருவதாகச் சொன்னாள். வாசல்படி இறங்கவே சுவரைப் பிடிக்கிறவள், ஆற்றுச் சரிவில் எங்கே இறங்குவது?

"கொண்டா, நான் போடுறேன்."

"இல்லத்தா, நானே போறேன். பையப் போயிட்டு வந்துருவேன்."

"மூட்டு வலிக்குதுன்னு ராப்பூராம் மொனகுறவ எங்கிட்டுப் போவ? குடு இங்கன."

மச்சானும் வாசலிலிருந்து, "அத்த, விஜியே போகட்டும், வழுக்கி விட்டுரும்," என்று சொன்ன பிறகுதான் கொடுத்தாள். கொடுக்கும்போது, "பிரிக்காமப் போட்டுரு," என்றாள். நான் செருப்பு மாட்டும்போது மறுபடியும், "தெய்வக் குத்தமாயிரும், பிரிச்சுப்புடாத," என்றாள். தெருமுனை திரும்புகிற வரைக்கும் வாசலிலேயே நின்றாள்.

கார்த்திகை மாசம். கொட்டகுடி ஆற்றில் தண்ணீர் கலங்கலாக நல்ல இழுப்பில் ஓடிக்கொண்டிருந்தது. துவைக்கிறவர்கள் ரெண்டு பேர் தள்ளி நின்றார்கள். நான் பாலத்துக்குக் கீழே ஒரு பாறையில் நின்று பொட்டலத்தைக் கையில் வைத்துப் பார்த்தேன். பிரிக்காதே பிரிக்காதே என்று அத்தனை தடவை சொல்லி அனுப்பினால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? சொல்லாமல் விட்டிருந்தால் நான்பாட்டுக்கு வீசிவிட்டுத் திரும்பியிருப்பேன். நாரை இழுத்தேன்.

அதிலும் நந்தியாவட்டைதான் இருந்தது.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பற்றிக்கொண்டு வந்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. எதையும் கொடுக்கவும் இல்லை. எந்தப் பொட்டலத்தை எடுத்திருந்தாலும் வெள்ளைதான். அத்தனை அழுகையும் யாரிடம் அழுதேன்? என் அக்கா என்னோடு பேசிவிட்டாள் என்று நம்பி, தரையில் புரண்டு அழுதேனே, அதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாளே இந்தக் கிழவி! நேராக வீட்டுக்குப் போய்ப் பூவை அவள் முன்னால் கொட்டிக் கேட்க வேண்டும் என்று பாறையிலிருந்து இறங்கினேன்.

இறங்கினவள் அங்கேயே நின்றுவிட்டேன். என் அம்மாவைப் பற்றி எனக்குத் தெரியும். அந்தச் சுவரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் முந்தானையைத் தோளில் போர்த்திக்கொண்டு போகிறவள். காய்ச்சலில் கிடந்தாலும் வெள்ளிக்கிழமை பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளிக்கிறவள். பல்லி கத்தினால்கூட அக்கா ஏதோ சொல்கிறாள் என்று அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்பாள். அவள் கதவைச் சாத்திக்கொண்டு, சிவப்புப் பூவை ஒதுக்கிவிட்டு, ரெண்டிலும் வெள்ளையை வைத்து மடித்திருக்கிறாள். பிறகு சூடத்தைப் பொருத்தி, ஒளிக்காமல் சொல்லு என்று அந்தச் சாமியையே கேட்டிருக்கிறாள். அதற்கு அவளுக்கு எவ்வளவு பயம் இருந்திருக்கும்! பூவைத் தண்ணீரில் போட்டேன். இலையையும் போட்டேன். வீட்டுக்கு வந்து, போட்டாச்சு என்று மட்டும் சொன்னேன்.

சின்ன அறையிலிருந்து மூட்டைகளை மச்சான் கடைக்கு மாற்றினார். அங்கே கிழக்குப் பார்த்து அம்மா புது மஞ்சள் பூசினாள், பொட்டு வைத்தாள், விளக்கை இடம் மாற்றினாள். கொத்தனார் வந்து பழைய பூச்சைக் கொத்தினபோது அவள் உள்ளே வரவில்லை. ஆனால் கொத்தி விழுந்ததில் மஞ்சள் ஒட்டின காரையை ஒரு துண்டுகூட விடாமல் சாக்கில் பொறுக்கிக் கட்டி, மச்சானைப் போகச் சொல்லி ஆற்றில் விட்டாள். என்னைப் போகச் சொல்லவில்லை. புதுப்பூச்சு காய்கிற வரைக்கும் கர்ணன் காத்திருக்கச் சொன்னார். அதுவரை மூன்று சுவர் வெள்ளையாகவும் ஒரு சுவர் சாம்பல் நிறமாகவும் அந்த அறை கிடந்தது. நான் உள்ளே போவேன், நடுவில் நிற்பேன், வந்துவிடுவேன். கதவைச் சாத்திக்கொள்ள அறை கிடைத்த பிறகு கதவைச் சாத்தவே வரவில்லை.

தை மாசக் கடைசியில் கர்ணன் காகிதச் சுருள்களோடும் பசை வாளியோடும் வந்தார். அவரோடு வருகிற ஆள் பெரியகுளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டாராம். "நீளமா இருக்கும், ரெண்டு கை கூடப் புடிச்சாப் போதும்," என்றார். நான் ஸ்டூலில் ஏறி மேல்நுனியைப் பிடித்துக்கொண்டேன். கீழ்நுனியைப் பிடிக்க மச்சானைக் கூப்பிடலாம் என்றால் அவர் வழக்கம்போல மலைக்குப் போயிருந்தார். அம்மா தானாகவே எழுந்து வந்தாள். மூன்று சுவரும் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிட்டன. இலைக்கு இலை சேருகிற இடத்தை மட்டும் கர்ணன் கண்ணைச் சுருக்கிப் பார்த்துச் சரிபண்ணிக்கொண்டே வந்தார். கிழக்குச் சுவருக்குக் கடைசித் துண்டை அறுக்க அவர் ஹாலுக்குப் போனபோது, ஏற்கெனவே ஒட்டின துண்டை நானும் அம்மாவும் மேலும் கீழுமாக அழுத்திக்கொண்டு நின்றோம்.

"ஆத்தா," என்றேன். "ரெண்டுலயும் வெள்ளையா?"

அவள் நிமிரவில்லை. உச்சி வகிட்டில் நரை மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. "பிரிக்காதன்னு சொன்னேன்ல."

"அவ கோவிச்சுக்கிட்டா என்ன பண்ணுவ?"

"எங்கிட்டதான கோவிப்பா. பெத்தவ நானு, பேசிக்கிறேன் அவகிட்ட." காகிதத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். "அவகிட்ட வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம பேசிக்கிட்டுத்தான இருக்கேன். ஒங்கிட்டதான் இம்புட்டு வருசமா ஒண்ணுமே பேசல."

எனக்கு மூக்கு ஒழுகியது, துடைக்கக் கை இல்லை.

கர்ணன் துண்டோடு வந்து ஒட்டினார். உள்ளே காற்றுக் கொப்புளம் நிற்காமல், நடுவிலிருந்து ஓரத்துக்குத் துணியால் தள்ளிக்கொண்டே வர வேண்டும் என்று செய்து காட்டினார். அம்மா துணியை வாங்கவில்லை. உள்ளங்கையை முந்தானையில் துடைத்துவிட்டு, வெறுங்கையாலேயே தடவ ஆரம்பித்தாள். நடுவிலிருந்து இந்த ஓரத்துக்கு, மறுபடி நடுவிலிருந்து அந்த ஓரத்துக்கு. ஈரப் பச்சையில் இலைகள் அவள் கைக்கடியில் படிந்துகொண்டே போயின.

"போதும்த்தா, காத்தெல்லாம் போயிருச்சு," என்றார் கர்ணன்.

அவள் காதில் வாங்கவில்லை. எட்டின வரைக்கும் தடவினாள். எட்டாத இடத்துக்கு எக்கினாள். நான் ஸ்டூலில் நின்றபடி மேல்நுனியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருந்தேன். பசை எப்போதோ பிடித்துவிட்டது. விடலாம் என்று கர்ணன் சொன்னார். நான் விடவில்லை. கீழே அவள் கை சுவரில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது.